வீட்டுக்கார அம்மாவின் வலக்கை

ஐயா, அம்மா,

வணக்கம். இதை வாசிக்கத் தொடங்குமுன் தங்கள் காலணியைக் கழற்றி, அதன் பக்கவாட்டை ஒருமுறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே பொருளாகத் தோன்றும் அந்த அடிப்பாகம் பெரும்பாலும் இரண்டு மூன்று தகடுகள் சேர்ந்ததாக இருக்கும். மேலே மெத்தென்ற நுரை, நடுவில் சற்றுக் கெட்டியான நுரை, கீழே தரையோடு உராயும் கடினமான அடி. அவை பிரியாமல் இருக்கும்வரை அவற்றைச் செய்தவனை எவரும் நினைப்பதில்லை. பிரிந்த அன்று நினைப்பார்கள். நல்லவிதமாக நினைக்க மாட்டார்கள்.

செம்பாக்கத்தில், ஏரிக்குப் போகும் தெரு ஒன்றில், மாடி வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு போனவர்களுக்குக் காலணி செய்து வருகிறேன். அந்த வீட்டின் மேல்தளத்தில் வாழ்ந்த உரிமையாளர் அம்மையாரைப் பற்றியே எழுதப் புகுந்தேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் வீட்டுக்கார அம்மா, அதுவே போதும். நான் இயல்பில் பொறுமைசாலி. பல்லாவரத்துப் பட்டறைகளில் முன்கோபிகளான மேஸ்திரிகளுக்குக் கீழே இளமையைக் கழித்தவன். அங்கே சேர்த்து வைத்த பொறுமை முழுவதையும் இங்கே ஒரே ஒரு வலக்கை தின்று தீர்த்தது. அதைத் தங்களிடம் முறையிடவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கை சும்மா இருக்காது.

மாம்பலத்துத் துணிக்கடை ஒன்றில் நெடுங்காலம் சேலைப் பிரிவில் நின்று விற்பனை செய்தவர் அவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே துணியை வைத்து உருட்டிப் பார்த்துப் பார்த்து, ஓய்வுபெற்ற பின்னும் அவ்விரல்கள் ஓய்வு பெறவில்லை. மோதிர விரல் மட்டும் நுனியில் உள்நோக்கி வளைந்திருக்கும். கடையின் இரும்பு ஷட்டரில் நசுங்கியதாம். அந்த வளைந்த விரலைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

காய்கறி வண்டிக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தால் வண்டியை நடுத்தெருவில் நிறுத்துவார். அருகே நிறுத்தினால் கத்திரிக்காய் ஒவ்வொன்றையும் அம்மையார் அமுக்கிப் பார்த்துவிடுவார்.

"யம்மா, கண்ணால பாத்து வாங்குமா. நீ தொட்டுட்டுப் போனா அப்பால காயி கன்னிப்போவுது, எவனும் வாங்க மாட்றான்."

"கண்ணால பாத்தா கத்திரிக்காய்க்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியுமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே நடுத்தெருவுக்குப் போய் அமுக்குவார்.

ஒருமுறை மேடவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் அவருடன் திரும்ப நேர்ந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த முன்பின் அறியாத பெண்ணின் முந்தானையை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "கலப்புதான். ஆனா நல்ல கலப்பு" என்று சான்றிதழ் வழங்கினார். அந்தப் பெண் எங்களைப் பார்த்த பார்வையில் நான் ஓட்டுநரின் முதுகோடு ஒடுங்கிப்போனேன். இறங்கிய பின் எனக்கு விளக்கம் கிடைத்தது: "திட்டலையே பாய், பாராட்டித்தானே சொன்னேன்."

வாசல் இரும்புக் கதவுக்குப் பொங்கலுக்கு முன் பச்சை வண்ணம் பூசும் வழக்கம் உண்டு. பூசி முடித்து, "வண்ணம் காயவில்லை, தொடாதீர்" என்று அட்டையும் மாட்டுவோம். மாலையில் பார்த்தால் அட்டைக்கு நேர் கீழே நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்திருக்கும். "காஞ்சிடுச்சான்னு பாத்தேன்" என்பார். அந்தக் கதவில் அவர் விரல் தடங்கள் பூச்சின்மேல் பூச்சாக இன்றும் இருக்கின்றன.

நியாயமாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவி காய்ச்சலில் படுத்திருந்தபோது அதே கையை அவள் நெற்றியில் வைத்து, "நூத்திரண்டு இருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மருத்துவமனையில் வெப்பமானியும் அதையே சொன்னது. நன்றியோடு எரிச்சலும் வந்தது. இனி அந்தக் கையை யார் தடுத்துப் பேச முடியும்?

இப்போது எங்கள் தொழிலின் நுட்பத்தைச் சற்றே விளக்க வேண்டியிருக்கிறது.

உணர்வற்ற பாதத்துக்குச் செய்யும் காலணியில் ஆணி அடிக்கக் கூடாது. ஆணி மேலே கிளம்பிக் குத்தினால் அணிந்தவருக்குத் தெரியாது, தெரியாமலே நடப்பார், புண்ணாகும், புண் ஆறாமல் போனால் விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிவரும். ஆகவே எங்கள் பட்டறைக்குள் ஆணி என்ற பொருளே நுழையக் கூடாது என்பது விதி. நாள்காட்டியைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் தொங்கவிட்டிருக்கிறேன். எல்லாப் பாரமும் பசையின் தலையில்.

பசையோ எளிதில் வசப்படாது. நுரைத் தகடு ஆலையிலிருந்து வரும்போது வழவழப்பான ஒரு தோலோடு வரும். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தடவிய வழுக்கலும் அதன்மேல் படிந்திருக்கும். அந்தத் தோலின்மேல் எத்தனை உயர்ந்த பசையைப் பூசினாலும் தாமரை இலைத் தண்ணீர்தான். எனவே உப்புத்தாள் சுற்றிய சக்கரத்தில் கொடுத்துத் தோலைச் சுரண்டுவோம். பிறகு தூசியைத் தட்டி, கரைப்பான் நனைத்த துணியால் ஒற்றி, பிரைமர் என்ற நீர்போன்ற திரவத்தைப் பூசிக் காயவிடுவோம். நுரைக்கும் பசைக்கும் நடுவே அது தரகர். அதன் பின்னரே, கடைத்தெருவில் சொல்யூஷன் என்று அழைக்கப்படும் பசை. இவ்வளவும் செய்து சூடு காட்டி அழுத்தினால் மூன்று தகடும் ஒன்றாகும். இவற்றுக்கு நடுவே ஒரே ஒரு எண்ணெய்க் கை பட்டுவிட்டால், பட்ட இடத்தில் மட்டும் பசை பிடிக்காது. வெளியே தெரியவும் தெரியாது.

சுரண்டிய நுரையைத் தாங்கள் தொட்டதில்லையென்றால் சொல்கிறேன்: அது மெல்லிய ரோமம் எழுந்ததுபோல் இருக்கும். அதில்தான் வந்தது வினை.

காலையில் ஏழுமலை தகடுகளைச் சுரண்டி மேசையில் பரப்பி வைப்பார். ஏழுமலை என் பட்டறையின் ஒரே பணியாளர். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பேருந்தில் வருபவர். கையில் வேலையும் வாயில் கேலியும் நிற்காதவர். அதே வேளையில் மேலே அம்மையார் முழங்காலுக்குத் தைலம் தேய்த்து முடித்திருப்பார். தைல வாசனை முதலிலும் அவர் பின்னாலுமாகப் படியிறங்கி வருவார்கள்.

"பாய், இது பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கே" என்று முதல் நாளே தடவினார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அந்த மழைக்காலத்தில் காலணிகள் பிரிந்து திரும்பி வரத் தொடங்கின. தாம்பரத்தில் பாத நோய்க்கென்றே சிகிச்சை தரும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார்; என் மகள் வயதுப் பெண்மணி; எங்களிடம் நோயாளிகளை அனுப்புபவர். அவர் தொலைபேசியில், "பாய், செருப்பு பிஞ்சா உங்களுக்கு ரிப்பேர். எனக்கு அது ஒரு கால்" என்றார். நான் மழையின் ஈரத்தைக் குற்றம் சொன்னேன். பசை விற்ற கடைக்காரரைச் சொன்னேன். ஏழுமலையையும் சொன்னேன். ஏழுமலை, திரும்பி வந்த ஒரு காலணியை முழுவதுமாகப் பிரித்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"பாய், இங்க வா. கைரேகை ஜோசியமே பாக்கலாம் போல கீது."

தகடு முழுவதும் பசை கிழிந்த தடம் சொரசொரப்பாக இருந்தது. நடுவே மட்டும் பசை பிடிக்காத வெற்றிடங்கள், வரிசையாக நான்கு. அவற்றில் ஒன்று நுனியில் உள்நோக்கி வளைந்திருந்தது.

"யார் கைன்னு சொல்ணுமா?" என்றார் ஏழுமலை, மேலே கூரையைப் பார்த்தபடி.

வீட்டு உரிமையாளரிடம், "எங்கள் பொருளைத் தொடாதீர்கள்" என்று எப்படிச் சொல்வது? தக்க சொற்களைத் தேர்ந்து, நோயாளிகளின் நலனை முன்வைத்து, மரியாதை குறையாமல் விளக்கினேன். அவர் ஆழ்ந்த அக்கறையோடு கேட்டார்.

"ஐயோ, அப்படியா பாய்? சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேனே" என்றார். சொல்லும்போது அவர் கட்டைவிரல் மேசையிலிருந்த தகட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

"இப்பவும் தொட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கீங்க."

"இதையா? இது சும்மா."

மறுநாள் அறிவிப்புப் பலகை வைத்தேன். பலகையின் விளிம்பைத் தடவி, "எவ்வளவு வழவழன்னு இழைச்சிருக்கான், எந்த ஆசாரி?" என்று விசாரித்தார். தகடுகளின் மேல் துணி போர்த்தினேன். முதலில் துணியைப் பரிசோதித்தார். பிறகு துணிக்கடியில் இருந்ததை. ஏழுமலை ரப்பர் கையுறை கொண்டுவந்து பணிவோடு நீட்டினார். அதை மாட்டிக்கொண்டு ஒருமுறை தடவிவிட்டு, "கையில பையை மாட்டிக்கிட்டா என்ன தெரியும்?" என்று கழற்றிவிட்டார்.

அடுத்த வாரம் முகமெல்லாம் மகிழ்ச்சியாக இறங்கி வந்தார். "இனிமே உங்களுக்குக் கவலையே வேண்டாம் பாய். எண்ணெய்தானே பிரச்சனை? சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். ஈரமும் இருக்கக் கூடாதுன்னு, பாருங்க" என்று இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். முகப்பவுடரை அள்ளிப் பூசியிருந்தார்.

ஐயா, ஒரு பொருள் மற்றொன்றோடு ஒட்டிவிடக் கூடாது என்றால் இந்தத் தொழிலில் நாங்கள் தூவுவது பவுடரைத்தான். ஏழுமலை சக்கரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். நான் அன்றைக்குச் சுரண்டிய தகடு அத்தனையையும் மறுபடி சுரண்டினேன்.

குதிகாலுக்கு வைக்கும் ஒரு வகை நுரை உண்டு, பாலித்தீனால் ஆனது. அதைச் சுரண்டினாலும் பசை சுலபத்தில் ஏறாது. அதன்மேல் நீலச் சுடரை ஒரு வீச்சில் காட்டி எடுக்க வேண்டும். நின்றால் உருகும், விரைந்தால் பயனில்லை. அதை நான் செய்துகொண்டிருந்தபோது அம்மையார் வாசலில் நின்று கைகூப்பினார்.

"என்ன பாய், செருப்புக்குக் கற்பூர ஆரத்தியா?"

"அப்படியே வச்சுக்கங்கம்மா. ஆரத்தி காட்டினதை யாரும் தொட மாட்டாங்க."

"யார் சொன்னா? ஆரத்தியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கத்தானே செய்வோம்" என்றார். சொன்னபடியே தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியும் காட்டினார். அவரோடு பேசி வென்றவர் அந்தத் தெருவில் இல்லை.

நிலைமை இவ்வாறிருக்க, ஒரு பகலில் அவர் பட்டறைக்குள் நடந்து வந்தபோது ஓர் ஒலி கேட்டது. மொசைக் தரையில் ஒவ்வோர் அடிக்கும் 'டிக்' என்று ஒலித்தது. அவர் வீட்டுக்குள் செருப்பு அணிவதில்லை. எங்கள் தளத்துக்கும் வெறுங்காலோடுதான் வருவார். வெறுங்கால் ஒலிக்கக் காரணமில்லை.

"அம்மா, உங்க காலுல என்னமோ சத்தம் வருது."

"ஆமா, மேல இருக்கும்போதே கேட்டுது. உங்க மிஷின்னு நெனச்சேன்."

நாற்காலியில் அமர்த்திப் பாதத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். குதிகாலில் தலைவரை இறங்கியிருந்தது நாள்காட்டி மாட்டும் குத்தூசி. எங்களிடம் ஆணியும் இல்லை, ஊசியும் இல்லை. மேல்தளத்தில் அவர் மாட்டியிருந்த நாள்காட்டியிலிருந்து விழுந்தது. அவர் அதை வேறு எவருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு, தாங்கள் ஊகித்திருப்பீர்கள், விரலால் அதன் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஓ" என்றார்.

ஏழுமலை சிரிக்கவில்லை. நான் கேட்டேன், "எவ்வளவு நாளாம்மா இப்படி?"

"காலுக்குத் தெரியறது நின்னு ரொம்ப நாளாச்சு பாய். மெத்தை மேல நடக்கற மாதிரியே இருக்கும். அதான் கை கொஞ்சம் ஜாஸ்தியா வேலை பாக்குது."

"எங்ககிட்ட சொல்லக் கூடாதா? நாங்க செய்யறதே இதுதானேம்மா?"

"அதான் சொல்லலை" என்றார். "நீங்க செய்யற அந்தக் கருப்புச் செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவுல போனா, பாக்கறவங்க எல்லாம் 'சுகர்'னு காலைப் பாப்பாங்க. முப்பது வருஷம் சேலை வித்தவ நான். என் காலை யாரும் பாத்ததில்ல."

அன்றே ஆட்டோவில் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். குத்தூசியை எடுத்துவிட்டு மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: வீட்டுக்குள்ளும் வெளியேயும் காலணி இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், இன்னொரு புண் வந்தால் பாதம் தங்கும் என்று அவரால் உறுதி கூற இயலாது. அம்மையார் இவ்வளவையும் கேட்டுக்கொண்டே மருத்துவரின் மேசை விரிப்பை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

அவரை இணங்க வைத்தது தனிக் கதை. "வீட்டுக்குள்ள செருப்பா? சாமி ரூம் இருக்கே பாய்." வீட்டுக்கென்று ஒரு சோடி, அது வாசலைத் தாண்டாது என்று உறுதி கொடுத்தேன். கருப்பு வார் வேண்டாம், அரக்கு நிறம் வேண்டும் என்றார். அரக்கைத் தேடிப் பிடித்தேன். தகட்டைத் தாமே தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். சுரண்டுவதற்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் தொடலாம் என்று அனுமதி அளித்தேன். சேலை எடுக்க வந்தவர்களை அவர் எவ்வளவு பொறுமையாகக் கையாண்டிருப்பாரோ அறியேன். தகடு எடுக்க வந்த அவரை நான் கையாண்ட பொறுமைக்கு மறுமையில் தனியாகக் கூலி எதிர்பார்க்கிறேன்.

காலணியைச் செய்தபோது எதிரில் அமர்ந்து மேற்பார்வை பார்த்தார். அழகாக அமைந்தது. அணிந்து நடந்து, "மெத்தை மேல மெத்தை" என்றார்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் அவர் படியிறங்கி வரவில்லை. தைல வாசனை இல்லாத காலை விசித்திரமாக இருந்தது. மேலே போனேன். கட்டிலில் அமர்ந்திருந்தார், வலப் பாதத்தில் கட்டு.

"குளிக்கும்போது கை வச்சுப் பாத்தேன் பாய். அடிப்பக்கம் கொழகொழன்னு இருந்துது. டாக்டர்கிட்ட போயிட்டேன். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எலும்புக்குப் போயிருக்குமாம்."

அரக்கு வார்க் காலணியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வலது அடியின் முன்பகுதியில் மேல் நுரை நடு நுரையைவிட்டுப் பிரிந்து வாய் திறந்திருந்தது. அந்த வாய்க்குள், கால் பெருவிரலுக்குக் கீழுள்ள மேடு அழுந்தும் இடத்தில், அவருடைய சமையலறைப் புளியங்கொட்டை ஒன்று சிக்கியிருந்தது. அதன்மேல்தான் அவர் நாள்கணக்கில் நடந்திருக்கிறார். இன்னும் பிரித்தேன். பசை பிடிக்காத இடத்தில் ஒரு விரல் வளைந்திருந்தது.

"யார் தொட்டது?" என்று கேட்டேன். பதில் கையிலேயே இருக்கும்போது அது கேள்வியே அல்ல.

"நான்தான். உங்களுக்கு ஃபோன் வந்துது, அந்தப் பக்கம் திரும்பினீங்க. ஒரே ஒரு தடவை. என் செருப்புதானேன்னு தொட்டேன்."

"உங்க செருப்புன்னு பசைக்குத் தெரியாதும்மா." என் குரல் உயர்ந்தது, அந்த வீட்டில் அதுவரை உயர்ந்ததில்லை. "இவ்வளவு நாள் ஊர்க்காரங்க கால். நீங்க வீட்டுக்காரங்க, நான் வாயை மூடிக்கிட்டுத் திரும்பத் திரும்பச் சுரண்டினேன். இப்ப உங்க கையே உங்க காலை எடுக்கப் பாக்குது. இதுக்கு நான் என்ன பிரைமர் போடறது, சொல்லுங்க."

அவர் கோபிக்கவில்லை. வலக்கையை மடியில் மல்லாத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கும் வயசாயிடுச்சு பாய்" என்றார். "வேற வேலை தெரியாது."

நான் பிரிந்த காலணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

புண் ஆறிக்கொண்டிருந்தபோது இரண்டாவது சோடி செய்யப் புகுந்தேன். அவரை மேலேயே இருக்கச் சொன்னேன். கட்டோடு, நொண்டியபடி, கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்கி வந்துவிட்டார். "என் காலு, நான் பாக்க வேண்டாமா?" நெகிழி நாற்காலியில் அமர்ந்தார். தகட்டைச் சுரண்டித் தூசி தட்டி மேசையில் வைத்தேன். கரைப்பானை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அந்தக் கை நாற்காலியின் கையைவிட்டு எழுந்து மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஏழுமலையோடு தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கை தானாக வந்தது.

எனக்குள் எதுவோ அறுந்தது. கீழே கிடந்த வெட்டுத்துண்டு ஒன்றைச் சக்கரத்தில் இருபுறமும் சரக்கென்று கொடுத்து, அந்தக் கைக்குள் திணித்தேன்.

"இந்தாங்க. இதைப் புடிங்க. இது உங்களுக்கு."

"எதுக்கு பாய்?"

"தொடறதுக்கு. என்ன வேணாலும் பண்ணிக்கங்க. இதை நான் எதோடயும் ஒட்டப் போறதில்லை."

ஏழுமலை சொன்னார், "அழுவுற புள்ளைக்கு முட்டாயி குட்த்தா மாரி கீது."

"போடா" என்றார் அம்மையார். ஆனால் துண்டை மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரல் அதன்மேல் போய் வந்தது, போய் வந்தது. நான் ஒற்றினேன், பிரைமர் பூசினேன், காய்ந்தது, பசை பூசினேன், பதம் வந்தது, சூடு காட்டினேன், அழுத்துபொறியின் வாயை மூடினேன். அந்தக் கை மடியைவிட்டு எழவில்லை. எனக்குத்தான் வியர்த்திருந்தது.

அந்தச் சோடி பிரியவில்லை.

என் எரிச்சல் அத்தோடு முடிந்தது என்று தாங்கள் நினைத்தால் அவரைத் தாங்கள் இன்னும் அறியவில்லை. தடவத் தடவ அந்தத் துண்டின் ரோமம் படிந்துவிடும். வாரந்தோறும் காலணி அணிந்த காலோடு இறங்கி வந்து, வாடிக்கையாளர்கள் காத்திருக்க, "பாய், இது மழுங்கிடுச்சு. கொஞ்சம் ஓட்டிக் கொடுங்க" என்பார். புதிய துண்டு தருகிறேன் என்றால் வாங்க மாட்டார். "கைக்குப் பழகினது" என்பார். ஒவ்வொரு முறையும் சக்கரத்தில் கொடுக்கக் கொடுக்க அது மெலிந்தது. கட்டைவிரல் கனத்தில் இருந்த துண்டு அப்பளக் கனத்துக்கு வந்தது. அதற்குக் கீழே என்னால் சுரண்ட இயலாது என்று அறிவித்தேன். "சரி, இனிமே மழுங்கினாலும் பரவாயில்லை" என்றார். அவர் என்னிடம் விட்டுக்கொடுத்தது அந்த ஒன்றில்தான்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே அம்மையாரின் இதயம் நின்றுபோனது. பெங்களூரிலிருந்து அவர் மகள் வந்தார். நானும் ஏழுமலையும் பச்சைக் கதவருகே குடை பிடித்து நின்றோம். உடலைக் குளிப்பாட்டி முடித்த பின் மகள் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "அம்மா கால் ரெண்டும் முழுசா, ஒரு கீறல்கூட இல்லாம இருந்துது, பாய் மாமா." நான் தலையசைத்தேன்.

சில நாள் கழித்து அந்த மகள் ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டினார். "அம்மா தலையணைக்கு அடியில இருந்துது. இது என்ன மாமா? குப்பையில போடலாமா?"

"மாதிரித் துண்டும்மா. கொடு" என்று வாங்கிக்கொண்டேன்.

வேலை மேசைக்கு மேலுள்ள மரப்பலகையில் அதை ஒட்டி வைக்கலாம் என்றார் ஏழுமலை. உள்ளவற்றில் உயர்ந்த பசையை எடுத்தோம். பின்புறத்தைக் கரைப்பானால் ஒற்றி, பிரைமர் பூசி, காயவைத்து, முறைப்படி எல்லாம் செய்து ஒட்டினோம். காலையில் தரையில் கிடந்தது. மறுபடி செய்தோம். மறுபடி விழுந்தது. சுடர் காட்டியும் பார்த்தேன், பயனில்லை. அத்தனை நாள் தைலமும் தலையெண்ணெயும் முகப்பவுடரும் அதன் ஒவ்வொரு கண்ணறையிலும் இறங்கியிருந்தன. இனிச் சுரண்டவும் அதில் கனம் இல்லை.

"பாரு பாய்" என்றார் ஏழுமலை. "அப்பயும் ஒட்ட வுடல, இப்பயும் ஒட்ட வுடல."

நான் கோபத்தோடு எழுந்து கடைத்தெருவுக்கு நடந்து, ஓர் ஆணி வாங்கி வந்தேன். ஏழுமலை என் முகத்தைப் பார்த்துவிட்டு சுத்தியலை நீட்டினார். எங்கள் பட்டறையில் இருக்கும் ஒரே ஆணி அதுதான். அது தாங்கி நிற்பது அம்மையாருடைய துண்டைத்தான். அளவு கொடுக்க வருபவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பிறகு தவறாமல் கையை உயர்த்தி அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தொட்ட கையோடு என் தகடுகளின் பக்கம் திரும்பாதபடி அவர்களைக் கண்காணிப்பதே இப்போது எனக்குப் பெரும் வேலையாகிவிட்டது.

ஐயா, அம்மா, இந்த எழுத்தைத் தூக்கி எறிந்துவிடாமல், தங்கள் வீட்டில் கைக்கு எட்டும் ஓரிடத்தில் வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.